63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை

63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்பது பிரித்தானிய இந்திய இராணுவத்தில் இருந்த ஒரு காலாட்படையணி ஆகும். 1759 ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை இராணுவத்தில் தோற்றுவிக்கப்பட்ட இப்படையணி, மைசூர்ப் போர்கள் முதல் பர்மியப் போர்கள் வரை பல களங்களைக் கண்டது. முதல் உலகப்போரின் தொடக்கத்தில், 1914 நவம்பர் 2 முதல் 5 வரை, ஜெர்மானியக் கிழக்காப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் நடைபெற்ற சண்டையில் இது பங்கேற்றது. அச்சண்டையில் இப்படையணி நிலைகுலைந்து பின்வாங்கியது. போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பில் இது கலைக்கப்பட்டது.

ஏறத்தாழ 160 ஆண்டுகால வரலாறு இருந்தும் இப்படையணியின் பெயர் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் தாங்காவில் நிகழ்ந்த ஒரு பிற்பகலை ஒட்டியே பேசப்படுகிறது. தென்னிந்தியர் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று அக்காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகளிடையே நிலவிய கருத்துக்கு அந்நிகழ்வு சான்றாகக் காட்டப்பட்டது. அக்கருத்து எந்த அளவுக்குச் சரி என்பதைத் தாங்காச் சண்டையின் முழு விவரங்களோடு வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

பெயர்

படையணியின் பெயரில் உள்ள பாளையங்கோட்டை, திருநெல்வேலிக்கு அருகில் தாமிரபரணியின் கிழக்குக் கரையில் உள்ள ஊராகும். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த கோட்டை, தென்பாண்டி நாட்டில் கம்பெனிப் படைகளின் முக்கியத் தளமாக விளங்கியது. பாளையக்காரர் போர்களின் போது ஆங்கிலேயப் படை நடவடிக்கைகள் இங்கிருந்தே நடத்தப்பட்டன. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பிச் சென்றது இங்கிருந்த சிறையிலிருந்துதான்.

"இலகு காலாட்படை" என்பது வழக்கமான காலாட்படையை விட விரைவாக நகர்ந்து, முன்னணியில் சிதறி நின்று போரிடப் பயிற்சி பெற்ற படையைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஒரு மதிப்புப் பட்டமாகவும் கருதப்பட்டது. சென்னை இராணுவத்தில் பாளையங்கோட்டை, திருச்சிராப்பள்ளி, வாலாஜாபாத் ஆகிய ஊர்களின் பெயர்களில் இலகு காலாட்படைகள் இருந்தன.

"63" என்ற எண் 1903 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. அதற்கு முன் இது சென்னைக் காலாட்படையின் 3ஆவது படையணி. இந்தியாவின் தலைமைப் படைத்தளபதியாக இருந்த கிச்சனர் பிரபு மாகாண இராணுவங்களின் படையணிகளை ஒரே வரிசையில் எண்ணிட்டபோது, சென்னைப் படையணிகளின் பழைய எண்ணுடன் 60 கூட்டப்பட்டது. அவ்வாறு 1ஆவது படையணி 61 ஆகவும், 3ஆவது 63 ஆகவும், 23ஆவது 83 ஆகவும் மாறின.

தோற்றம்

சென்னைப் பட்டணத்தில் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட ஒழுங்கான பட்டாலியன்கள் பிரெஞ்சுக்காரருடனான போட்டியின் விளைவாக உருவானவை. 1748 இல் கடலூர்க் கோட்டைக்கு வந்த இசுட்ரிங்கர் லாரன்சு கம்பெனியின் படைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார். முற்றுகை 1759 பிப்ரவரி வரை நீடித்தது. அப்போது கோட்டைக்கு வெளியே இருந்து பிரெஞ்சுப் படைகளைத் தொல்லைப்படுத்திய சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் மருதநாயகம் என அறியப்படும் யூசுப் கான் ஆவார்.

இக்காலகட்டத்தில் அதுவரை தனித்தனிக் கம்பெனிகளாக இருந்த சிப்பாய்கள் "கரையோரச் சிப்பாய்கள்" என்ற பெயரில் பட்டாலியன்களாகத் தொகுக்கப்பட்டனர். 1759 இல் அமைக்கப்பட்ட அத்தகைய பட்டாலியன் ஒன்றே பிற்காலத்தில் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை ஆயிற்று. சோழமண்டலக் கரையில் திரட்டப்பட்டதால் இப்பெயர் வழங்கியது.

முதல் உலகப்போருக்கு முந்தைய போர்கள்

* சோளிங்கர்ப் போர் (1781): இரண்டாம் மைசூர்ப் போரில் 1781 செப்டம்பர் 27 அன்று சர் அயர் கூட் தலைமையிலான கம்பெனிப் படை, ஐதர் அலியின் படையை இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள சோளிங்கருக்கு அருகில் எதிர்கொண்டது.
* மகித்பூர்ப் போர் (1817): மூன்றாம் ஆங்கிலேய-மராத்தியப் போரில் 1817 டிசம்பர் 21 அன்று சிப்ரா ஆற்றங்கரையில் ஓல்கரின் படைகள் தோற்கடிக்கப்பட்டன. சர் தாமசு இசுலாப் தலைமையிலான படையில் பாளையங்கோட்டை, திருச்சிராப்பள்ளி இலகு காலாட்படைகள் இரண்டும் இருந்தன.
* முதலாம் பர்மியப் போர் (1824-1826): இப்போருக்குச் சென்ற படையில் பெரும்பகுதி சென்னை இராணுவத்தைச் சேர்ந்தது. கடல் கடப்பது சாதி ஆசாரத்துக்கு விரோதம் என்ற எண்ணம் வங்காள இராணுவத்தில் வலுவாக இருந்தது. 1824 இல் பாரக்பூரில் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். சென்னைச் சிப்பாய்கள் கப்பலேறத் தயங்காதவர்கள் என்பதால் பர்மா, சீனா, சாவகம் எனக் கடல் கடந்த போர்களுக்கு அவர்களே மிகுதியும் அனுப்பப்பட்டனர்.
* மூன்றாம் பர்மியப் போர் (1885-1887): மேல் பர்மா பிரித்தானிய இந்தியாவுடன் இணைக்கப்பட்ட போர்.

படையணியின் அமைப்பு

முதல் உலகப்போருக்கு முன் இந்தியக் காலாட்படையில் ஒரு படையணி என்பது பெரும்பாலும் ஒரே பட்டாலியனைக் கொண்டது. அதில் ஏறத்தாழ 750 வீரர்களும், பத்துப் பன்னிரண்டு ஆங்கிலேய அதிகாரிகளும் இருப்பர். அவர்களுக்குக் கீழே சுபேதார், ஜமேதார் ஆகிய இந்திய அதிகாரிகளும், அவில்தார், நாயக் போன்ற பதவியினரும் இருந்தனர். ஓர் இந்திய அதிகாரி எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும் ஆங்கிலேய அதிகாரியை விடக் கீழானவராகவே கருதப்பட்டார்.

சென்னைக் காலாட்படையணிகளின் எட்டுக் கம்பெனிகளில் பொதுவாக நான்கு சென்னை மாகாண முசுலிம்களுக்கும், இரண்டு தமிழருக்கும், இரண்டு பறையர் மற்றும் கிறித்தவருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. மற்றத் துறைகளில் ஒதுக்கப்பட்டிருந்த மக்களுக்குப் படைப்பணி என்பது மாதச் சம்பளம், ஓய்வூதியம், சீருடை தரும் மதிப்பு, பிள்ளைகளுக்கான கல்வி ஆகியவற்றைப் பெறும் அரிய வழியாக இருந்தது. எனவே ஒரு படையணி கலைக்கப்படுவதென்பது பல தலைமுறைகளாக அதை நம்பியிருந்த குடும்பங்களின் வாழ்வைப் பாதித்த நிகழ்வாகும்.

போர்க்குடிக் கோட்பாடு

1857 ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் ஆங்கிலேயர் இந்திய மக்களைப் போருக்கு ஏற்றவர், ஏற்காதவர் என இரு பிரிவாகப் பார்க்கத் தொடங்கினர். பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்கர், டோக்ரர் போன்றோர் முதல் பிரிவில் வைக்கப்பட்டனர். தென்னிந்தியரும் வங்காளிகளும் இரண்டாம் பிரிவில் தள்ளப்பட்டனர்.

இக்கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் பிரெடரிக் இராபர்ட்சு. இவர் 1881 முதல் 1885 வரை சென்னை இராணுவத்தின் தலைமைத் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகவும் இருந்தார். தெற்கில் நீண்டகாலம் அமைதி நிலவியதால் சென்னைச் சிப்பாய்கள் தம் முன்னோரின் போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்பது அவரது முடிவு. உருசியா வடமேற்கிலிருந்து படையெடுக்கக்கூடும் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்ததால், ஆட்சேர்ப்பு வடக்கு நோக்கி நகர்ந்தது.

ஒரு காலத்தில் 52 ஆக இருந்த சென்னைக் காலாட்படையணிகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1882 இல் மட்டும் எட்டுப் படையணிகள் கலைக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பல, சென்னைப் படையணி என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. 62, 66, 67 ஆகிய எண்களைக் கொண்ட பஞ்சாபியப் படையணிகள் அவ்வாறு உருவானவை.

இதன் விளைவு ஒரு சுழல் போல் அமைந்தது. முன்னேற விரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் சென்னைப் படையணிகளைத் தவிர்த்தனர். எல்லைப்புறப் போர்களுக்கு இப்படையணிகள் அனுப்பப்படுவது குறைந்தது. போர் அனுபவமும் புதிய ஆயுதங்களும் கிடைப்பது தாமதமாயிற்று. பின்னர் அந்த அனுபவமின்மையே அவர்கள் போருக்கு ஏற்றவர் அல்லர் என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எனினும் பாளையங்கோட்டை இலகு காலாட்படை தன் தென்னிந்திய அமைப்பிலேயே 1914 வரை நீடித்தது.

முதல் உலகப்போர்

எம்டனும் கப்பல் தாமதமும்

1914 ஆகசுடில் போர் தொடங்கியபோது இந்தியாவிலிருந்து ஐரோப்பா, எகிப்து, மெசபொட்டேமியா, கிழக்காப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குப் படைகள் அனுப்பத் திட்டமிடப்பட்டது. இவற்றைக் கடல் வழியே பாதுகாப்பாகக் கொண்டு செல்வது பெரும் சிக்கலாயிற்று. கோனிக்சுபர்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 20 அன்று சான்சிபாரில் பிரித்தானியக் கப்பலான பெகாசசை மூழ்கடித்தது. இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. சென்னை மக்கள் பலர் ஊரை விட்டு வெளியேறினர். உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள நினைவுப் பலகை இன்றும் அத்தாக்குதலை நினைவூட்டுகிறது. "எம்டன்" என்பது எதற்கும் துணிந்தவரை, தந்திரக்காரரைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் நிலைத்துவிட்டது.

இத்தாக்குதல்களால் காவல் கப்பல்கள் இன்றிப் படைக்கப்பல்களை அனுப்ப முடியாத நிலை ஏற்பட்டது. கிழக்காப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டிய வீரர்களில் பலர் கப்பலில் ஏற்றப்பட்ட பின்னும் காவல் கப்பல்களுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

இந்தியப் பயணப்படை "பி"

தாங்காவைக் கைப்பற்ற அனுப்பப்பட்ட படை, இந்தியப் பயணப்படை "பி" எனப்பட்டது. மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன் இதன் தளபதி. ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட இப்படையில் இரண்டு பிரிகேடுகள் இருந்தன.

* 27ஆவது (பெங்களூர்) பிரிகேடு, பிரிகேடியர் ஜெனரல் வாப்சேர் தலைமையில்: 2ஆவது லாயல் வடக்கு லங்காசயர் (ஆங்கிலேயப் பட்டாலியன்), 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை, 98ஆவது காலாட்படை, 101ஆவது கிரனேடியர்கள்.
* பேரரசுச் சேவைப் பிரிகேடு, பிரிகேடியர் ஜெனரல் டைகி தலைமையில்: 13ஆவது இராசபுத்திரப் படையணி, காசுமீர், குவாலியர் சமத்தானங்களின் படைகள்.
* துணைப் படைகள்: 61ஆவது பயனியர் படையணி (இதுவும் சென்னைப் படையணியே), 28ஆவது மலைப் பீரங்கிப் படை, பரீத்கோட் சமத்தானத்தின் சுரங்கப் படை முதலியன.

இப்பட்டாலியன்கள் பலவும் அதற்கு முன் ஒன்றாகப் பயிற்சி செய்தவை அல்ல. சில பட்டாலியன்களுக்குப் புதிய லீ-என்பீல்டு துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் புறப்படும் தறுவாயில்தான் வழங்கப்பட்டன. 1914 அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. நெரிசலான கப்பல்களில் பழக்கமில்லாத உணவுடனும் கடல் நோயுடனும் வீரர்கள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். மொம்பாசாவை அடைந்த பின்னும் அவர்களைக் கரையிறக்கி ஓய்வளிக்க எய்ட்கன் இசையவில்லை. இடமறிந்த அரசரின் ஆப்பிரிக்கத் துப்பாக்கிப் படையை உடன் அனுப்பும் யோசனையையும் அவர் ஏற்கவில்லை.

தாங்காச் சண்டை

தாங்கா இன்றைய தான்சானியாவின் வடகிழக்கில் உள்ள துறைமுக நகரம். கிளிமஞ்சாரோ அடிவாரத்திலுள்ள மோசி நகருக்குச் செல்லும் இருப்புப்பாதை இங்கிருந்து தொடங்கியது. ஜெர்மானியப் படையின் தளபதி பவுல் வான் லெட்டோ-போர்பெக் தம் படையின் பெரும்பகுதியைக் கிளிமஞ்சாரோ பகுதியில் வைத்திருந்தார். அவரது வீரர்களில் பெரும்பாலோர் அசுக்காரி எனப்படும் ஆப்பிரிக்கர்கள்.

நவம்பர் 2: பாக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் காலையில் தாங்காவை அடைந்தது. போரின் தொடக்கத்தில் அத்துறைமுகம் தொடர்பாக ஓர் உள்ளூர்ப் போர் நிறுத்த ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அது இனிச் செல்லாது என்று முறைப்படி அறிவிக்க வேண்டும் எனக் கருதிய கப்பல் தலைவர் கால்பீல்டு, நகர அதிகாரியை அழைத்துச் சரணடையுமாறு கோரினார். அவர் கால அவகாசம் கேட்டுச் சென்று, லெட்டோ-போர்பெக்குக்குத் தந்தி அனுப்பினார். திடீர்த் தாக்குதலாக அமைந்திருக்க வேண்டிய நடவடிக்கை அத்துடன் வெளிப்பட்டுவிட்டது. துறைமுகத்தில் கண்ணிவெடிகள் இருக்கலாம் என்ற ஐயத்தில் மேலும் பல மணி நேரம் கழிந்தது. ஜெர்மானியர் இருப்புப்பாதை வழியாகப் படைகளைத் தாங்காவுக்குக் கொண்டு வரத் தொடங்கினர்.

நவம்பர் 3: நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராசு கசோன் முனையில் இரவோடு இரவாக முதற்படைகள் இறக்கப்பட்டன. 13ஆவது இராசபுத்திரப் படையணியும் 61ஆவது பயனியர்களும் காலையில் நகரத்தை நோக்கி முன்னேறின. அப்போது நகரத்தில் சிறு படையே இருந்தது. எனினும் துப்பாக்கிச் சூட்டில் தாக்குப்பிடிக்க முடியாமல் அவை பின்வாங்கின. எஞ்சிய படைகள் அன்றும் மறுநாள் காலையிலும் இறங்கின. அன்றிரவு லெட்டோ-போர்பெக் மிதிவண்டியில் சென்று நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாமே பார்வையிட்டார். எய்ட்கன் தரப்பில் அத்தகைய முன்னாய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை.

நவம்பர் 4: நண்பகல் வேளையில் பொதுத் தாக்குதல் தொடங்கியது. வலப்புறத்தில் காசுமீர்ப் படைகளும், அடுத்து லாயல் வடக்கு லங்காசயர் பட்டாலியனும், அதற்கு இடப்புறம் 63ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும், இடக்கோடியில் 101ஆவது கிரனேடியர்களும் முன்னேறின. நகரத்துக்கு முன்னால் அடர்ந்த புதர்களும் இரப்பர், கற்றாழைத் தோட்டங்களும் இருந்தன. சில அடி தூரத்துக்கு மேல் பார்க்க முடியாத நிலையில் பட்டாலியன்கள் ஒன்றையொன்று தொடர்பு இழந்தன. நடுப்பகல் வெப்பத்தில் குடிநீர் தீர்ந்து பலர் சோர்ந்து விழுந்தனர். மலைப் பீரங்கிகள் கரையிறக்கப்படாமல் கப்பலின் மேல்தளத்திலிருந்தே சுட்டதால், முன்னேறிய காலாட்படைக்கு அவற்றால் பயன் குறைவாக இருந்தது.

மறைவிடங்களிலிருந்து ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் சுடத் தொடங்கியதும் 63ஆவது படையணி கலைந்தது. அதன் வீரர்கள் பலர் கடற்கரையை நோக்கி ஓடினர். இதனால் லங்காசயர் பட்டாலியனுக்கும் 101ஆவது கிரனேடியர்களுக்கும் இடையே வரிசையில் பெரும் இடைவெளி ஏற்பட்டது. அதை நிரப்ப 98ஆவது காலாட்படை முன்னே வந்தபோது, சூட்டினால் கலைந்த தேனீக் கூட்டங்கள் வீரர்களைக் கொட்டிச் சிதறடித்தன. ஜெர்மானியர் தேனீக்களைத் திட்டமிட்டு ஏவினர் என்ற கதை பின்னர் பரவியது. அது கற்பனையே. தேனீக்கள் இரு தரப்பினரையும் கொட்டின.

வலப்புறத்தில் நிலைமை வேறாக இருந்தது. காசுமீர்ப் படையினரும் லங்காசயர் வீரர்கள் சிலரும் நகரத்துக்குள் நுழைந்து வீடு வீடாகப் போரிட்டனர். ஆனால் தனித்து நின்ற 101ஆவது கிரனேடியர்களின் இடப்புறத்தை லெட்டோ-போர்பெக் சுற்றி வளைத்துத் தாக்கினார். அப்படையணி கடும் இழப்புக்கு உள்ளானது. மாலைக்குள் பிரித்தானிய வரிசை முழுவதும் பின்வாங்கியது. அன்றிரவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஊதுகுழல் ஒலியால் ஜெர்மானியப் படையும் நகரத்தை விட்டுச் சிறிது நேரம் விலகியிருந்தது. ஆளில்லாமல் கிடந்த நகரத்தைப் பற்றி எய்ட்கனுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 5: எய்ட்கன் படைகளை மீண்டும் கப்பலேற்றினார். அவசரத்தில் ஏராளமான தளவாடங்கள் கரையிலேயே விடப்பட்டன.

இழப்புகள்

பிரித்தானியத் தரப்பில் 800க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், காயமுற்றனர் அல்லது காணாமற் போயினர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். ஜெர்மானியத் தரப்பில் ஏறத்தாழ 1,000 பேர் போரிட்டனர். அவர்களில் இறந்தவர் சுமார் 70 பேர். கைப்பற்றிய துப்பாக்கிகளைக் கொண்டு மூன்று கம்பெனிகளுக்கு மேல் புதிதாக ஆயுதம் வழங்க முடிந்ததாகவும், 16 இயந்திரத் துப்பாக்கிகளும் 6 இலட்சம் தோட்டாக்களும் கிடைத்ததாகவும் லெட்டோ-போர்பெக் தம் நினைவுக் குறிப்பில் தெரிவித்துள்ளார். தாங்காவில் கிடைத்த இத்தளவாடங்கள் கிழக்காப்பிரிக்கப் போர் நீடிக்க ஒரு காரணமாயின. ஐரோப்பாவில் போர் முடிந்த பின்னரே, 1918 நவம்பர் 25 அன்று, அவர் சரணடைந்தார்.

பழியும் மதிப்பீடும்

தோல்விச் செய்தி பிரித்தானியப் பொதுமக்களுக்குச் சில மாதங்கள் வரை வெளியிடப்படவில்லை. எய்ட்கன் திரும்ப அழைக்கப்பட்டு, பதவி குறைக்கப்பட்டார். அதே சமயம் தோல்விக்கான பழியில் பெரும்பங்கு 63ஆவது படையணியின் மீதும் பொதுவாகச் "சென்னைச் சிப்பாய்கள்" மீதும் விழுந்தது.

தாங்காவைப் பற்றிய பிற்கால வருணனைகள் பலவற்றுக்கு உளவு அதிகாரியாக உடன் சென்ற ரிச்சர்டு மைனெர்ட்சாகனின் நாட்குறிப்பு அடிப்படையாக அமைந்தது. அதில் இந்திய வீரர்களைப் பற்றி மிகக் கடுமையான சொற்கள் உள்ளன. ஆனால் மைனெர்ட்சாகனின் நாட்குறிப்புகள் நிகழ்வுகளுக்குப் பின் திருத்தி எழுதப்பட்டவை என்ற வலுவான ஐயத்தை ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். 2007 இல் வெளியான பிரையன் கார்பீல்டின் நூல் இதை விரிவாக ஆராய்ந்தது. பறவையியலில் அவர் செய்த மாதிரி மோசடிகளும் வெளிப்பட்டுள்ளன. எனவே அவரது கூற்றுகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டியுள்ளது.

63ஆவது படையணி கலைந்து ஓடியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கான காரணத்தை இனத்தில் தேடுவதுதான் கேள்விக்குரியது. இது தொடர்பாகப் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

* நவம்பர் 3 அன்று பின்வாங்கிய 13ஆவது படையணி, போர்க்குடிகள் என ஆங்கிலேயர் பட்டியலிட்ட இராசபுத்திரரைக் கொண்டது. 98ஆவது காலாட்படையும் வட இந்தியரைக் கொண்டதே.
* மலைப் பீரங்கியின் நெருங்கிய ஆதரவோ, முன்னாய்வோ இன்றிப் புதர்க்காட்டுக்குள் காலாட்படை அனுப்பப்பட்டது.
* நீண்ட கப்பல் பயணத்துக்குப் பின் இறங்கிய வீரர்கள் ஓரிரு நாட்களுக்குள்ளேயே, கடும் வெப்பத்தில், போருக்கு அனுப்பப்பட்டனர்.
* இயந்திரத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பழக்கமில்லாத படையணி அதை முதன்முதலாக எதிர்கொண்டது.
* மற்றொரு சென்னைப் படையணியான 61ஆவது பயனியர்கள், தாங்காவுக்குப் பின் கிழக்காப்பிரிக்காவிலேயே இருந்து சாலை, பாலப் பணிகளிலும் சண்டைகளிலும் பயனுள்ள பணி ஆற்றினர்.
* சென்னைச் சுரங்கப் படையினர் மெசபொட்டேமியாவில் 1917 பிப்ரவரி 23 அன்று சும்ரான் வளைவில் டைகிரிசு ஆற்றைக் கடந்த நடவடிக்கையில் எதிரியின் சூட்டுக்கு நடுவே பணியாற்றிப் புகழ் பெற்றனர். அவர்களும் 63ஆவது படையணியின் வீரர்களும் ஒரே ஊர்களிலிருந்தும் ஒரே சமூகங்களிலிருந்தும் வந்தவர்கள். இருவரிடையே இருந்த வேறுபாடு பயிற்சி, தலைமை, தொடர்ந்த போர் அனுபவம் ஆகியவற்றில்தான் இருந்தது.

தாங்காவுக்குப் பின்

தாங்காவிலிருந்து மீண்ட படைகள் மொம்பாசாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பிரித்தானியக் கிழக்காப்பிரிக்காவின் பாதுகாப்பில் ஈடுபடுத்தப்பட்டன. உகாண்டா இருப்புப்பாதையைக் காப்பது அவற்றின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

போர் முடிந்ததும் செலவுக் குறைப்புக்காக இந்திய இராணுவம் சீரமைக்கப்பட்டது. 1922 இல் ஒற்றைப் பட்டாலியன் படையணிகள் பெரும் படையணிகளாக இணைக்கப்பட்டன. 73, 75, 79, 83 போன்ற எண்களைக் கொண்ட தென்னிந்தியப் படையணிகள் "3ஆவது மதராஸ் படையணி" ஆயின. பாளையங்கோட்டை இலகு காலாட்படைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அது கலைக்கப்பட்டது. 3ஆவது மதராஸ் படையணியும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. அதன் நிரந்தரப் பட்டாலியன்கள் 1928க்குள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, பகுதிநேரப் பிராந்தியப் பட்டாலியன்கள் மட்டுமே எஞ்சின. பயனியர் படைகளும் 1933 அளவில் கலைக்கப்பட்டன. சுரங்கப் படையைத் தவிர, தென்னிந்தியருக்கு இராணுவத்தின் போரிடும் பிரிவுகளில் ஏறக்குறைய இடமே இல்லாத நிலை உருவானது.

மதராஸ் படையணியின் மறுபிறப்பு

இரண்டாம் உலகப்போர் இந்நிலையை மாற்றியது. வடக்கிலிருந்து மட்டும் தேவையான ஆட்களைத் திரட்ட முடியாது என்பது தெளிவானதும், மதராஸ் படையணி மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. அதன் பட்டாலியன்கள் பர்மாப் போர்முனையில் சப்பானியருக்கு எதிராகப் போரிட்டன. மறுபுறம், மலாயாவிலிருந்த தமிழர் பலர், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள், சுபாசு சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஒரே காலத்தில் எதிரெதிர் அணிகளில் தமிழர் படைவீரராய் நின்றபோது போர்க்குடிக் கோட்பாடு நடைமுறையில் பொருளிழந்தது.

விடுதலைக்குப் பின் மதராஸ் படையணி இந்தியத் தரைப்படையின் மூத்த காலாட்படையணிகளுள் ஒன்றாகத் தொடர்கிறது. இதன் மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ளது. 1803 ஆம் ஆண்டு அசாயே போரின் நினைவான யானை இதன் சின்னத்தில் இடம்பெற்றுள்ளது. பாளையங்கோட்டை இலகு காலாட்படையின் நேரடி வாரிசு எனச் சொல்லத்தக்க பட்டாலியன் எதுவும் இன்று இல்லை.

நினைவு

தாங்கா நகரில் அங்கு இறந்த இந்திய வீரர்களுக்கான நினைவுக் கல்லறை உள்ளது. ஆங்கில எழுத்தாளர் வில்லியம் பாய்டு 1982 இல் எழுதிய புதினம் ஒன்றில் தாங்காச் சண்டை இடம்பெறுகிறது. எம்டன் குண்டு வீசிய கதை சென்னையில் பல தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டில், ஆறு வாரங்கள் கழித்து, ஒரு தமிழக ஊரின் பெயரைத் தாங்கிய படையணிக்கு ஆப்பிரிக்கக் கரையில் நேர்ந்தது தமிழில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.